நாலு வரிசைப் பச்சை

விடிந்தும் விடியாத நேரத்தில் எனெலேசி தன் பயிரைத் தானே வெட்டிக்கொண்டிருந்தாள். ஓடையோரத் தாழ்நிலத்தில் இருந்த அந்தச் சின்னத் துண்டில்தான் அந்த வருஷம் மக்காச்சோளம் உயிரோடு நின்றது. கதிர்கள் பால்பிடிக்க ஆரம்பித்திருந்தன. இரண்டு வாரம் பொறுத்தால் பிள்ளைகள் சுட்டுத் தின்னலாம். ஐந்து வாரம் பொறுத்தால் மாவாக்கிக் களி கிண்டலாம். அவள் தண்டை இடது கையால் சேர்த்துப் பிடித்து, மண்ணுக்கு ஒரு சாண் மேலே கத்தியைச் சாய்த்துப் போட்டாள். வெட்டு வாயில் வெள்ளையாக நீர் ஊறியது.

அவள் புருஷன் சக்கேயோ அவற்றைப் பத்துப் பத்தாக ஈரச் சாக்கில் சுற்றித் தோளில் ஏற்றி, மேட்டுக்குக் கொண்டுபோனான். ஓடிப்போக வேண்டிய வேலைதான். ஆனாலும் அந்தச் சுமையோடு அவனுக்கு ஓட வரவில்லை. சவம் தூக்குகிறவன் போல அடி மேல் அடி வைத்துப் போனான்.

மேட்டில் அவர்களுடைய பெரிய வயல் இருந்தது. ஜனவரியில் நின்ற மழை அப்புறம் வரவே இல்லை. முழங்கால் உயரத்தில் பயிர் நின்றபடியே செத்து, பழைய காகித நிறத்தில் கிடந்தது. அதற்கு முன்னால், பாதையோரமாக, எனெலேசியின் தங்கை ஃபலேசி கடப்பாரையால் வரிசையாகக் குழி குத்திக்கொண்டிருந்தாள். சக்கேயோ ஒவ்வொரு தண்டாக இறக்கி, மண் அணைத்து, காலால் மிதித்து நிறுத்தினான்.

"மச்சான், நல்லா ஆழமா இறக்குங்க," என்றாள் ஃபலேசி. "எங்கக்காவைக் கட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. நீங்க நட்டதுல ஒரே ராத்திரியில ஆள் உயரம் வளர்ந்தது இதுதான்."

"உன் புருஷன் நட்டது முளைச்சுதா கொழுந்தியா? அதைப் போய்ப் பாரு முதல்ல."

"அவருக்கும் கோந்த்வே மாதிரி ஒரு திட்ட ஆபீசரு வந்து குழி குத்திக் குடுக்கணும் போல."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. காற்று அடித்தது. பின்னால் செத்த பயிர் சலசலத்தது. முன்னால் நின்ற பச்சை சலசலக்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே விறைப்பாக ஆடி, மறுபடி நேராக நின்றது. பச்சையைக் கண்டால் விழுந்தடித்து ஓடிவரும் கோழிகள் வரிசையின் ஓரம் வரை வந்தன. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. திரும்பிப் போய்விட்டன.

திட்ட அலுவலர் கோந்த்வே மூன்று நாள் முன்பு வந்திருந்தார். வயலைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிளிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று. 'முன்மாதிரி விவசாயி எனெலேசியின் வயல் திருநாள்'. வெளிநாட்டுத் தலைமை விருந்தாளிக்கு விமானச்சீட்டு வாங்கியாயிற்று. பெயர்ப்பலகை பட்டணத்தில் எழுதித் தயாராக வந்து, சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தது. டிசம்பரில் எடுத்த எனெலேசியின் படத்தைப் பார்த்து வரைந்தவன் தாராள மனசுக்காரன். கன்னத்தில் இரண்டு கிலோ ஏற்றி, கையில் முழங்கை நீளக் கதிர் ஒன்றையும் கொடுத்திருந்தான். ஃபலேசி அதைப் பார்த்த அன்றே, "அக்கா, பலகையில மட்டும் நல்லாச் சாப்பிடறே," என்றிருந்தாள்.

"அம்மா, நான் பொய் சொல்லச் சொல்லல," என்றார் கோந்த்வே. "உங்க பயிரு, உங்க நிலம். கீழே இருக்கறதை மேலே கொண்டாந்து வைக்கப் போறோம். வீட்டுக்குள்ள நாற்காலியை நகர்த்தறதில்லையா? நாலு வரிசை போதும். அவங்க பாதையைத் தாண்டி இறங்க மாட்டாங்க. நல்ல செருப்பு போட்டிருப்பாங்க."

அவளுடைய தாய்மாமன் சிம்போந்தாதான் ஊர்த்தலைவர். ஊருக்கும் அதே பெயர். அவர்தான் கேட்டார்: "அதெல்லாம் சரி ஐயா. போன மாசம் நிவாரண மாவுக்குப் பட்டியல் எடுத்துட்டுப் போனாங்களே. எங்க ஊர்ல ஒரு வீடு விடாம எழுதியிருக்கு. இங்க பச்சை நிக்குதுன்னு காதுல விழுந்தா ஊர்ப் பேரையே அடிச்சிருவாங்க."

"அது வேற அலுவலகம், தலைவரே. அவங்க மூணாவது மாடி, நாங்க ரெண்டாவது மாடி. படியில பார்த்தாக்கூடப் பேசிக்க மாட்டோம்."

எனெலேசி முழங்கால் போட்டு உட்கார்ந்தபடியே கேட்டாள். "நிச்சயமாவா ஐயா? எனக்கு நாலு பிள்ளைங்க. குதிர்ல அடுத்த மாசத்துக்கு மேல ஒண்ணும் இல்ல."

கோந்த்வே கழுத்துப்பட்டையின் மேல் கை வைத்தார். "நிச்சயமா. அதுவும் இல்லாம, சூரிய பம்பு அன்னைக்கு வண்டியிலயே வருது. ஓடைத் தண்ணி மேட்டுக்கு ஏறிடும். அடுத்த வருஷம் நீங்க வானத்தையே பார்க்க வேண்டாம்."

அந்தப் பம்புக்காகத்தான் அவள் தலையாட்டினாள். தலையாட்டிக் கொடுத்ததை இப்போது வெட்டிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி நிரலும் அச்சடித்துத்தான் வந்தது. '10.00 விருந்தினர் வருகை. 10.05 பெண்கள் தன்னிச்சையாகக் குலவையிடுதல். 10.45 பாரம்பரிய நடனம்.' நடனம் என்ற இடத்தில்தான் சிம்போந்தா மாமா தகராறு செய்தார்.

"ஐயா, நீங்க வடக்கத்திக்காரங்க, உங்களுக்குத் தெரியாது. பெரிய ஆட்டம்னா அது கூப்பிட்டா வர்ற கூத்து இல்ல. இடுகாட்டுத் தோப்புலேர்ந்து வர்றது. வர்றவங்க செத்தவங்க. சாவுன்னா வருவாங்க, திதின்னா வருவாங்க. யாரு செத்தாங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

"கலாச்சாரம்னு சொல்லுங்க."

"அது யாரு?"

கோந்த்வே ஒரு படிவத்தை நீட்டினார். "இதுல ஆடறவங்க பேரு, ஊரு, கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க. மதியச் சாப்பாட்டுக்குக் கணக்கு காட்டணும்."

"செத்தவங்க எங்கேயிருந்துய்யா கையெழுத்துப் போடுவாங்க?"

"கட்டைவிரல் ரேகை போதும்."

மாமா படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசியில், தலைவர் பட்டம் கட்டும்போது வந்து துள்ளிவிட்டுப் போகும் சின்ன முகமூடிகள் மூன்றுக்குச் சம்மதித்தார். சவத்துக்கு மட்டுமே வரும் 'பெரிய மான்' உருவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் பெயரைச் சும்மா எடுப்பதில்லை.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. வெயில் ஏற ஏறப் பச்சை வரிசையின் இலைகள் விளிம்பில் சுருள ஆரம்பித்தன. எனெலேசி, திட்டத்தின் சின்னம் அச்சடித்த புதுத் துணியைக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரோடு வரிசைக்குள் நடந்து ஒவ்வொரு தலையிலும் தெளித்தாள். சாகக் கிடக்கிறவர் முகத்தில் தெளிப்பது போலத்தான் இருந்தது. தண்ணீர் இலையில் நின்று, வழிந்து, அடியில் போய்ச் சேர்ந்தது. அங்கே குடிக்க ஒன்றும் இல்லை. சக்கேயோ தொங்கிப்போன தலைகளைக் காய்ந்த குச்சியோடு சேர்த்துக் கட்டினான்.

பன்னிரண்டரைக்கு ஏழு வெள்ளை வண்டிகள் வந்தன. கடைசியில் ஒரு லாரி. அதன் மேல் பம்பு, பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 10.05-இன் தன்னிச்சையான குலவையைப் பெண்கள் அப்போது போட்டார்கள்.

தலைமை விருந்தாளி உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனசு முகத்தில் தெரிந்தது. நேரே வந்து எனெலேசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். "உங்க கையைப் பார்த்தாலே உழைப்பு தெரியுதாம்," என்றார் கோந்த்வே. கையில் அன்று காலை வெட்டின தண்டின் பிசுக்கு இன்னும் போகவில்லை. பெண்மணி கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வண்டியிலிருந்து பழுப்பு ஷூ போட்ட ஒருவர் இறங்கினார். அக்குளில் கோப்பு. எனெலேசி முதலில் ஷூவைத்தான் அடையாளம் கண்டாள். போன மாதம் அவள் வாசலில் நின்று, நாலு பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டு, குதிருக்குள் தலையை விட்டுப் பார்த்து, 'போதாது' என்று எழுதிக்கொண்டு போன ஷூ அது. மூணாவது மாடி.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "ஐயா, அவரு பசிப் பட்டியல்காரரு..."

"சிரிங்க அம்மா," என்றார் கோந்த்வே, உதட்டை அசைக்காமல். "வண்டியில இடம் இருந்துதாம், ஏத்திக்கிட்டாங்க."

"நீங்க படியில பார்த்தாக்கூடப் பேசிக்க மாட்டோம்னீங்களே?"

"பேசல அம்மா. இப்பவும் பேசல."

பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஊரில் மிச்சமிருந்த வெள்ளாட்டில் ஒன்று அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. சோறும் வடித்திருந்தார்கள். விருந்தாளிகள் வயிற்றுக்கு விதி இருந்ததால், ஆளுக்கொரு வெள்ளைப் பெட்டியைப் பட்டணத்திலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டை டிரைவர்கள் சாப்பிட்டார்கள். எனெலேசி கைகழுவத் தண்ணீர்க் குடத்தோடு முழங்கால் போட்டு வரிசையாகப் போனாள். பழுப்பு ஷூக்காரர் முன்னால் வந்தபோது தலை நிமிரவில்லை. அவர் கையை நீட்டினார். தண்ணீர் விழுந்தது. விரல்கள் ஒன்றையொன்று பொறுமையாகத் தேய்த்துக்கொண்டன.

"பிள்ளைங்க சுகமா?" என்று கேட்டார்.

"சுகம் ஐயா."

அவர் விரல்களை உதறினார்.

முரசு கொட்டியது. மூன்று முகமூடிகளும் கந்தலும் இறகுமாகத் துள்ளி வந்து, மண்ணை உதைத்து, பந்தலைப் பார்த்துக் கீச்சுக் குரலில் வைதுவிட்டுப் போயின. அதில் ஒன்றின் குதிகால் வெடிப்பு யாருடையது என்று ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை முகத்தில் காட்டுகிற வழக்கம் கிடையாது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கைதட்டினார்கள். விருந்தாளிகள் படம் எடுத்தார்கள். நிரல்படி நடனம் முடிந்துவிட்டது.

முரசு நிற்கவில்லை.

முரசுக்காரர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாளம் ஒருமுறை இடறியது. பிறகு மெதுவாகி, கனத்து, சவம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடிக்கிற தாளமாக மாறியது. யார் முதலில் மாற்றினார்கள் என்று பின்னால் கேட்டபோது மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் காட்டினார்கள்.

தோப்புப் பக்கமிருந்து பெரிய மான் வந்துகொண்டிருந்தது.

ஒரு குடிசை அளவு இருக்கும். உடம்பு முழுக்கக் காய்ந்த சோளத் தோகை பின்னிய போர்வை, தரையைப் பெருக்கிக்கொண்டு. மேலே நீண்ட கழுத்து, இரண்டு கொம்பு. நடக்கிற ஆட்டம் எதுவும் இல்லாமல், தண்ணீர் மேல் படகு வருவது போலச் செத்த வயலின் குறுக்கே வழுக்கி வந்தது. பெண்கள் கைதட்டுவதை நிறுத்தினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குத்துக்காலிட்டு, துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி.

"மாமா," என்றாள் எனெலேசி, உதட்டுக்குள். "இதை ஏன் கூப்பிட்டீங்க?"

சிம்போந்தாவின் முகம் சாம்பலாகியிருந்தது. "நான் கூப்பிட்டது மூணு."

கோந்த்வே ஒலிவாங்கியைப் பிடித்தார். பேச்சற்றுப்போன இடம் எதையும் அவர் பொறுத்ததில்லை. "இப்போது வருவது, அன்பர்களே, எங்கள் புகழ்பெற்ற அறுவடை நடனம்!" விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மான் வயலை ஒரு சுற்று சுற்றியது. இறந்தவர் வீட்டை அது சுற்றுகிற திசையில், அதே நிதானத்தில். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் பச்சை வரிசைக்குள் நுழைந்தது. தோகைப் போர்வை உரசியபோது அந்த வரிசையில் முதல்முறையாகச் சலசலப்புக் கேட்டது. உரசிய இடத்தில் எல்லாம் தண்டுகள் சாய்ந்தன. முறியவில்லை. நின்றவாக்கில் அப்படியே சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாகச் சாய்வெட்டு.

அதன் பாதத்தைப் பார்க்கக் கூடாது. எனெலேசி பார்த்தாள். போர்வைக்கும் மண்ணுக்கும் நடுவே புழுதி சுழன்றது. அவ்வளவுதான் இருந்தது. பக்கத்தில் சக்கேயோவின் கையைத் தேடினாள். அவன் அங்கேதான் நின்றான்.

மான் தோப்புக்குத் திரும்பிப் போயிற்று. முரசு நின்றது. கைதட்டல் இன்னும் கொஞ்சம் நீண்டது.

பழுப்பு ஷூக்காரர் பந்தலிலிருந்து இறங்கினார். நல்ல செருப்பு போட்டவர்கள் இறங்க மாட்டார்கள் என்று கோந்த்வே சொன்னது அவர் விஷயத்தில் பொய்த்துப்போனது. பாதையோரம் கிடந்த ஒரு தண்டை எடுத்தார். வெட்டு வாயைக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஈரமாயிற்று. விழுந்து கிடந்த மற்ற தண்டுகளையும், அவற்றுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்த பழுப்பையும் பார்த்தார். கடைசியில் எனெலேசியைப் பார்த்தார்.

இப்போது சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் பம்பு போகும். மாமாவின் மானம் போகும். போகட்டும். பட்டியலில் ஊர்ப் பேர் நிற்கும். அவள் தலைத்துணியைத் தள்ளிக்கொண்டு அரைவாசி எழுந்தாள். "ஐயா, அது வந்து..."

அவர் குனிந்தார். தண்டு கிடந்த இடத்தில் குழியைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் அதை நேராக இறக்கினார். ஷூ முனையால் மண்ணை அணைத்து, இரண்டு தட்டுத் தட்டினார். கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பந்தலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

எனெலேசி எழுந்தது எழுந்தபடி நின்றாள். ஃபலேசி அவள் துணியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

தலைமை விருந்தாளி கண் கலங்கிப் பேசினார். கோந்த்வே அதைவிடக் கலங்கி மொழிபெயர்த்தார். "நாடு முழுக்கக் கை ஏந்தி நிக்கும்போது, இந்த ஒரு ஊர் யாரோட சாக்கு மூட்டைக்கும் காத்திருக்கல. தன் காலில் நிக்குது." மாமா கைதட்டினார். அவர் தட்டியதால் ஊரும் தட்டியது. பழுப்பு ஷூக்காரர் கோப்பைத் திறந்தார், பேனாவை உதறினார், ஒரு கோடு போட்டார். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேரான கோடு.

பம்பை நாலு பேர் இறக்கினார்கள். எனெலேசி ஒரு பக்கமும் விருந்தாளி ஒரு பக்கமும் ரிப்பனைப் பிடித்தார்கள். படம் எடுத்ததும் அதே நாலு பேர் அதை லாரியில் ஏற்றினார்கள்.

"அடுத்த வாரம் இன்னொரு ஊர்ல வயல் திருநாள் இருக்கு," என்றார் கோந்த்வே. "அங்க காட்டிட்டு நேரா இங்கதான் வருது."

"மச்சான், பம்பும் தோப்புலேர்ந்துதான் வந்திருக்கு போல," என்றாள் ஃபலேசி. "வருது, ஆடுது, போகுது. அதுக்கும் கோந்த்வே ரேகை வாங்கிட்டாரா?" அவள் சிரிக்கவில்லை.

வண்டிகள் போன பிறகு சக்கேயோவும் எனெலேசியும் விழுந்த தண்டுகளிலிருந்து கதிரை ஒடித்துச் சேர்த்தார்கள். அழுத்தினால் மணி உடைந்து தண்ணீர்தான் வந்தது. மான் போன வழியில் மண் விளக்குமாறு போட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. அதன் மேல் ஒரு கால்தடம்கூட இல்லை.

"உள்ளே யாரு?" என்று கேட்டாள்.

"பொம்பளைங்க கேக்கக் கூடாது."

"நீங்கதான் ஆட்டத்துல சேர்ந்தவராச்சே. தெரியுமா, தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

அவன் இன்னும் இரண்டு கதிரை ஒடித்தான். "தோப்புல போய்க் கேட்டேன். இன்னைக்கு அதை யாரும் எடுக்கலைங்கறாங்க."

பம்பு வரவில்லை. கோந்த்வேயின் மோட்டார் சைக்கிளும் வரவில்லை. மே மாதம் குதிரின் அடி தெரிந்தது. எனெலேசி கிழங்குச் செடியின் வேரைத் தோண்டினாள். அப்புறம் காட்டு மாங்கொட்டையை இடித்தாள். கடைசிப் பிள்ளையின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது.

ஜூனில், நிவாரண மாவு வருகிறது என்று கேள்விப்பட்டு, ஊர்ப் பெண்கள் விடிகாலையிலேயே காலிச் சாக்குகளோடு சாலைக்கு வந்து நின்றார்கள். நிழலுக்கு அங்கே அந்தப் பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. எனெலேசி அதன் கீழே நின்றாள். வெயில் பதினொன்றைத் தாண்டியபோது லாரி வந்தது. மூட்டைகள் கயிறு போட்டு இறுக்கியிருந்தன. மாமா கையைத் தூக்கினார். லாரி நின்றது.

"எந்த ஊரு?" டிரைவர் தாளைப் பிரித்தார்.

"சிம்போந்தா."

டிரைவர் தாளின் மேல் விரலை ஓட்டினார். "அடிச்சிருக்கே தலைவரே. அடுத்த ஊருக்குத்தான் சீட்டு."

"ஐயா, பிள்ளைங்களைப் பாருங்க."

டிரைவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்தார். பச்சை வயல், முழங்கை நீளக் கதிர், உப்பிய கன்னம். பிறகு அதன் கீழே சாக்கோடு நின்றவளைப் பார்த்தார். மறுபடி பலகையை. மறுபடி அவளை. அவளும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாய் லேசாகத் திறந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கியரைப் போட்டார்.

லாரி கிளம்பிய வேகத்தில் புழுதி எழுந்து, சாலையோரம் வரிசையாக நின்ற பெண்களின் முழங்கால் வரை சுழன்றது. காற்று இல்லாததால் அது அப்படியே நின்றது. சாக்குகள் தெரிந்தன, துணிகள் தெரிந்தன, முகங்கள் தெரிந்தன. யாருக்கும் பாதம் தெரியவில்லை.